ஆழாக்கு

என் மாமியாருக்குக் குக்கர் சோறு பிடிக்காது, 82 வயதில் அவரிடம் மிச்சமிருக்கிற இரண்டொரு பிடிவாதங்களில் அதுவும் ஒன்று, அதனால் சென்னையில் இந்த மூன்றாவது மாடி வீட்டிலும் நான் தினமும் உலை வைத்து, அரிசி களைந்து போட்டு, தட்டை அழுத்திப் பிடித்துக் கஞ்சி வடிக்கிறேன். இருபத்தைந்து வருஷமாகச் செய்கிற வேலை, மூக்கு அதைக் கவனிப்பதை எப்போதோ விட்டுவிட்டது. போன வியாழக்கிழமை, நான் சோற்றைத் தொடாமல் இருந்த ஒன்பதாவது நாள், பானையைச் சாய்த்ததும் ஆவி முகத்தில் அடித்தது, கொஞ்சம் இனிப்பும் கொஞ்சம் வைக்கோலுமாக வந்த அந்த வாசனைக்குள் புகையும் இருந்தது, உமி எரிகிற புகை, கேஸ் அடுப்பு எரிகிற வீட்டில் அது வருவதற்கு வழியே இல்லை, நான் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

அது அப்பாயி நெல் அவிக்கிற வாசனை. நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடி போகிற வழியில் எங்கள் ஊர், அறுவடை முடிந்து நெல் வந்துவிட்டால் அப்பாயி முந்தின நாளே ஊறப்போட்டு, விடியற்கருக்கலில் கொல்லைப்பக்கம் கோட்டையடுப்பு மூட்டி, பெரிய அண்டாவில் நெல்லை ஏற்றிவிடுவாள். நாங்கள் பிள்ளைகள் போர்வையோடு வந்து அடுப்பைச் சுற்றிக் குந்திக்கொள்வோம், இருட்டில் அவள் முகத்தின் ஒரு பக்கம் மட்டும் சிவப்பாகத் தெரியும், நெல் வாய் பிளக்கிற பதத்தை அவள் கண்ணால் பார்த்ததில்லை, வாசனை மாறுவதை வைத்தே "இறக்கு" என்பாள். வெயில் ஏறியதும் வாசலில் கொட்டிப் பரப்பி, காலால் துழாவிக்கொண்டே போவாள், அவள் போன தடம் உழுத வயல் மாதிரி வரிவரியாக இருக்கும், ஒரு நெல்லை எடுத்துப் பல்லில் கடித்துப் பார்த்து இன்னும் ஒரு வெயில் வேண்டுமா வேண்டாமா என்று சொல்வாள்.

மில்லிலிருந்து அரிசி வந்ததும் அளக்க உட்காருவாள். "லாபம், ரெண்டு, மூணு" என்று எண்ணுவாள், ஒன்று என்ற சொல்லை அரிசிமுன் அவள் சொல்லிக் கேட்டதில்லை, பானையில் அரிசி தீர்ந்துபோனாலும் இல்லை என்று வாயில் வராது, "அரிசி நிறைஞ்சிருக்கு, வாங்கியாரணும்" என்பாள். அன்றாடச் சமையலுக்கு ஒரு பித்தளை ஆழாக்கு வைத்திருந்தாள், எட்டு ஆழாக்கு சேர்ந்தால் ஒரு படி, விளிம்பில் ஒரு நசுங்கலும் அடியில் புள்ளிபுள்ளியாகக் குத்திய அவள் பெயரின் முதல் எழுத்தும் இருக்கும். அதுதான் இப்போது என் அரிசி டப்பாவுக்குள் கிடக்கிறது, டப்பா பிளாஸ்டிக், அரிசி எங்கே விளைந்தது என்று தெரியாத பாக்கெட் அரிசி, ஆழாக்கு மட்டும் அதேதான்.

தாத்தா விடியலில் மண்வெட்டியோடு போய்த் தண்ணீர் பார்த்துவிட்டு, பத்து மணிக்கு வந்து, ஒரு கும்பா பழைய சோற்றை மோரும் சின்ன வெங்காயமுமாகச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் வயலுக்குப் போகிறவர். அவ்வளவு சோற்றுக்கும் அன்று சாயங்காலத்துக்குள் வேலை இருந்தது. விசேஷ நாளில் இலை போட்டால் ஒரு கட்டத்தில் இலைமேல் குறுக்கே கையை வைப்பார், வாயால் எதுவும் சொல்ல மாட்டார். அப்பாயி அந்தக் கையின் பக்கவாட்டில், விரல்களுக்கு இடையில், இன்னும் ஒரு கரண்டி போட்டுவிட்டுத்தான் நகருவாள். போதும் என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் மதிப்பு இருந்ததில்லை, அதைக் கேட்டு நிறுத்துகிறவளைக் கஞ்சத்தனக்காரி என்பார்கள், நான் அந்தக் கரண்டியின் கீழே வளர்ந்தவள்.

இன்னும் ஐந்து நாளில் எனக்கு எடைக்குறைப்பு அறுவைசிகிச்சை. சர்க்கரை பன்னிரண்டு வருஷமாக இருக்கிறது, முழங்கால் இரண்டும் மாடிப்படிக்கு ஒத்துழைப்பதில்லை, உடல் நிறை எண் 38, இந்தியர்களுக்குச் சர்க்கரை போன்ற வியாதி இருந்தால் 32.5 தாண்டினாலே இதை யோசிக்கலாம் என்கிறார்கள். அதற்கு முன்னால் 14 நாள் மாவுச்சத்து குறைந்த உணவு, எனக்கு எழுதிக் கொடுத்தது ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள், காலையில் இரண்டு முட்டை, மதியம் கீரையும் வெள்ளரியும் ஒரு துண்டு மீனும், இடையில் மோர், ராத்திரி வெனிலா வாசனை அடிக்கிற புரதப் பவுடர். உணவு ஆலோசகர் சின்னப் பெண், "சப்பாத்தியும் கிடையாது ஆன்ட்டி, ஓட்ஸும் கிடையாது" என்று விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள். அவள் டயட் என்றாள், வீட்டில் வந்து சொன்னதும் மாமியார் "பத்தியம்னு சொல்லு" என்றார், அந்தச் சொல் எனக்கு உடனே பிடித்துவிட்டது, டயட்டைப் பாதியில் விடலாம், பத்தியத்தை முறிக்கக் கூடாது என்று பிள்ளைப்பேற்றுக்குப் பிறகான நாட்களிலேயே நம் பெண்களுக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் தலைவலி பிளந்தது. உடம்பு சேர்த்துவைத்த மாவுச்சத்து கரையும்போது அதைப் பிடித்துக்கொண்டிருந்த தண்ணீரும் கூடவே உப்பும் வெளியேறுகின்றன, உப்புப் போட்ட மோரும் சூப்பும் குடிக்கச் சொன்னார்கள், குடித்ததும் குறைந்தது. ஐந்தாம் நாள் வாயில் நகப்பூச்சு அழிக்கிற திரவத்தின் வாசனை, கொழுப்பு எரியத் தொடங்கியதன் அடையாளம் அது. பசி வந்தது, ஆனால் நான் பயந்த மாதிரி வரவில்லை, அதைக் கவனித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஸ்ரீரங்கம் ஞாபகத்துக்கு வந்தது.

பத்தாவது முடிக்கும்வரை மூன்று வருஷம் நான் ஸ்ரீரங்கத்தில் சித்தி வீட்டில் இருந்தேன், வடக்குச் சித்திரை வீதியில் ஒரு நீள வீட்டின் பின்கட்டு, முன்கட்டில் வீட்டுக்காரரின் அம்மா, ஒன்பது கஜம் கட்டிய ஒல்லிப் பாட்டி, நடந்தால் சத்தமே வராது. ஏகாதசி வந்தால் அந்த வீட்டில் அரிசி சேர்க்க மாட்டார்கள், மற்றவர்களுக்குக் கோதுமை ரவையில் உப்புமா, கிழங்கு, வாழைப்பழம் எல்லாம் பலகாரம் என்ற பேரில் உண்டு, மத்தியானச் சாப்பாட்டைவிடக் கொஞ்சம் அதிகமாகவே ஆகும். பாட்டி மட்டும் துளசித் தீர்த்தத்தோடு சரி. திண்ணையில் சாய்ந்துகொண்டு, முற்றத்து வெளிச்சம் தூணிலிருந்து தரைக்கு இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். பசிக்காதா பாட்டி என்று ஒருதரம் கேட்டேன். "பசியோட சண்டை போடப்படாதுடி, வந்தா வரட்டும், செத்த நேரம் உக்காந்துட்டுப் போயிடும்" என்றார். மறுநாள் துவாதசிக் காலையில் அந்த வீட்டிலிருந்து அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சுண்டைக்காயும் சேர்ந்த ஒரு கசப்பு வாசனை பின்கட்டுவரைக்கும் வரும், கசப்பில் தொடங்கித்தான் அவர் சோற்றுக்குத் திரும்புவார், அதுவும் கொஞ்சமாக, அவசரம் இல்லாமல்.

அந்த ரவை உப்புமாதான் பிற்பாடு எங்கள் வீட்டுக்குச் சப்பாத்தியாக வந்தது. அப்பாவுக்கு 55 வயதில் சர்க்கரை வந்தபோது டாக்டர் சோற்றைக் குறைக்கச் சொன்னார், அப்பா சோற்றை நிறுத்திவிட்டு ராத்திரியில் ஆறு சப்பாத்தி, குருமாவோடு. நூறு கிராம் அரிசியில் 78 கிராம் அளவுக்கு மாவுச்சத்து, கோதுமை மாவிலும் கேழ்வரகிலும் 70ஐ ஒட்டி, எது என்பதைவிட எவ்வளவு என்பதுதான் கணக்கு என்று அன்று அவருக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவரால் கேட்டிருக்க முடியுமா என்று தெரியவில்லை. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று வாக்குறுதி வந்ததும், ஆட்சி மாறி முதலில் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி கிடைத்ததும் அவர் வாழ்க்கையில் பெரிய சம்பவங்கள், அப்போது அவருக்கு 22 வயது, மின்ட் தெருப் பக்கம் ஓர் அச்சகத்தில் கம்பாசிட்டர், பையோடு வரிசையில் நின்று வாங்கிவந்த அந்தப் படி அரிசியை அறையில் கூட இருந்தவர்களோடு பங்குபோட்டதைச் சொல்லும்போது, ஈய எழுத்தின் மை ஏறிக் கறுத்த விரல்களைக் குவித்து அளவு காட்டுவார். அவர் தட்டில் ஒரு பருக்கை மிஞ்சி நான் பார்த்ததில்லை, எங்கள் தட்டில் மிஞ்சினாலும் எடுத்துத் தின்றுவிடுவார். அப்படிப்பட்டவருக்குச் சோற்றைக் குறை என்பது மருந்துச்சீட்டாகக் கேட்கவில்லை, பழைய வரிசைக்குத் திரும்பப் போகச் சொன்ன மாதிரி இருந்தது. காலில் புண் வந்தது, ஆறவில்லை, முதலில் விரல்களை எடுத்தார்கள், அதற்கப்புறம் அவர் இரண்டு வருஷம்தான் இருந்தார்.

எனக்கு அறுவைசிகிச்சை செய்யப்போகிற டாக்டர் பொறுமையான ஆள், இந்த 14 நாள் எதற்கு என்று ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். கல்லீரலின் இடப்பக்க மடல் இரைப்பைக்கு மேலே தாழ்வாரம் மாதிரி இறங்கியிருக்கிறது, வயிற்றில் சின்னச் சின்னத் துளை போட்டுக் கருவிகளை நுழைத்து, அந்தத் தாழ்வாரத்தை மெதுவாகத் தூக்கிப் பிடித்தால்தான் கீழே இரைப்பையில் வேலை செய்ய முடியும். கொழுப்பு ஏறிய கல்லீரல் கனமாக, வழுவழுவென்று, தொட்டால் கிழிந்து ரத்தம் கசிகிறதாக இருக்கும், மாவுச்சத்தைக் குறைத்தால் அது சேர்த்துவைத்த சர்க்கரையையும், ஒரு கிராமுக்கு மூன்று கிராம் வீதம் அதோடு ஒட்டிய தண்ணீரையும், கொஞ்சம் கொழுப்பையும் விட்டுச் சுருங்கிவிடும். நீங்கள் மெலிவதற்காக இல்லை அம்மா, எனக்கு உள்ளே இடம் வேண்டும், என்றார். பிறகு இரைப்பையில் நான்கில் மூன்று பங்குக்கும் மேலே வெட்டி எடுத்துவிடுவார்கள், பசியைத் தூண்டுகிற கிரெலின் அதிகம் சுரக்கிற மேற்பகுதியும் அதோடு போய்விடும், மீதி 100, 150 மில்லி கொள்கிற ஒரு குழாய்.

போன வியாழக்கிழமை, அந்த ஆவி அடங்கியபின், அரிசி டப்பாவைத் திறந்து ஆழாக்கை வெளியே எடுத்தேன். ஆழாக்கு 168 மில்லி. நன்றாக விரிந்த இரைப்பை ஒரு லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர்வரை கொள்ளும் என்று டாக்டர் சொன்னது ஏறக்குறைய ஒரு படி. ஒரு படி வயிறு ஓர் ஆழாக்குக்கும் குறைவாக ஆகப்போகிறது, அவ்வளவுதான் விஷயம், அப்பாயிக்கு இந்த இரண்டு அளவைச் சொன்னால் போதும், படமே வேண்டாம். கத்தி அளவைக் குறைத்துவிடும், ஆனால் போதும் என்று சொல்வதை அது கற்றுத்தராது, சிறிய பாத்திரத்தையும் நாளெல்லாம் நிரப்பிக்கொண்டே இருக்க முடியும், வருஷங்கள் கழித்துப் பழைய எடைக்கே திரும்பியவர்கள் இருக்கிறார்கள். இந்தப் பதினாலு நாளில் என் கல்லீரல் சுருங்குவது டாக்டருக்காக, எனக்காக நான் கற்றுக்கொள்ள வேண்டியது தாத்தாவின் கையை.

மத்தியானம் மாமியாருக்கு இலை போட்டேன். அவர் ரசம் பிசைந்து, முதல் கவளத்தை உருட்டி, "ஒரே ஒரு வாய், ஒண்ணும் ஆகாது" என்று என் பக்கம் நீட்டினார், ரசமும் சூடான சோறும் நெய்யும் சேர்ந்த வாசனை, அந்தக் கையில் இருந்தது பிரியம்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. நான் என் வெறும் தட்டின்மேல் கையை வைத்தேன். அவர் கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்தார், பிறகு கவளத்தைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, "மோராவது குடி" என்றார். அப்பாயியின் ஆழாக்கைக் கழுவி அதில் மோர் ஊற்றி, ஒவ்வொரு வாயாக, இருபது நிமிஷம் எடுத்துக்கொண்டு குடித்தேன், ஜன்னல் வழியாக எதிர் அடுக்ககத்தின் சுவர் மட்டும் தெரிந்தது, இறங்கிவர வெளிச்சத்துக்கு முற்றம் இல்லை, இருந்தாலும் பசி வந்து உட்கார்ந்துவிட்டுப் போனது.

இதே நாட்களில் இருப்பவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ போடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்டு அளவை மாற்றிக்கொள்ளாமல் இந்தப் பத்தியத்தில் இறங்காதீர்கள், சோறு நின்று மருந்து மட்டும் அதே அளவில் தொடர்ந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். நடுவில் ஒரு நாள்தானே என்று முறிக்காதீர்கள், முறித்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், உள்ளே கருவியோடு இருப்பவருக்கு அது தெரிந்தாக வேண்டும்.

பரிமாறுகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று. உங்கள் வீட்டில் யாராவது இலைமேல் கையை வைத்தால், விரல்களுக்கு இடையில் கரண்டியைக் கொண்டுபோகாதீர்கள்.