கோடம்பாக்கத்தில் ஒரு தங்கக் குள்ளன்

கோடம்பாக்கம் மேம்பாலம் இறங்கி, ஒரு சந்துக்குள் நுழைந்தால் என் வாடகை போர்ஷன். வாசலில் இரண்டடி இடம். அங்கே தொட்டியில் ஒரு குள்ளத் தூஜா வைத்தேன். பூர்வீகம் சீனா, விசிறி விசிறியாக, தங்க முலாம் பூசினாற்போல் இலை.

வெயிலுக்குப் பயந்து மாடிப்படிக்கு அடியில் வைத்தேன். தப்பு சார்! கொஞ்ச நாளில் தங்கம் பச்சையாகிவிட்டது. கோடம்பாக்கத்தில் யாரானாலும் லைட் விழுந்தால்தானே மின்ன முடியும்? காலை வெயிலுக்கு நகர்த்தினேன். புதுத் துளிர் மஞ்சளாக வந்தது.

அடுத்து, பாசத்தில் தினம் இரண்டு வேளை தண்ணீர். அடிக்கிளை பழுப்பாச்சு. ‘வேர் அழுகிடும் தம்பி, மண்ணு காய்ஞ்சா ஊத்து. வெறுங்கட்டை வரைக்கும் வெட்டாதே, திரும்பத் துளிர்க்காது’ என்று அதட்டினார் நர்சரிக்காரர்.

பிழைத்துவிட்டது. போன வாரம் வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டார். தரையில் நட்டிருந்தால் அவருக்கே போயிருக்கும்! ஆட்டோவில் என் மடியில்தான் வருகிறது.