செப்புச் சட்டியும் ஈயம் பூசுபவரும்

பிரான்சின் நார்மண்டிப் பகுதியில் வில்டியூ-லே-புவால் என்றொரு சிற்றூர் உண்டு. பெயரின் கடைசிப் பாதிக்கே 'சட்டிகள்' என்றுதான் பொருள். நூற்றாண்டுகளாகச் செம்பு தட்டி வரும் ஊர். அங்கு செய்த சட்டிகள் நான்கு வாங்கலாமா என்று பாரிசில் வாழும் என் தம்பி மகள் கேட்டிருந்தாள். "எங்கடை அப்பம்மாவும் செம்பிலைதானே சமைச்சவா, பெரியப்பா?" என்பது அவளது வாதம். விலையோ நூற்றுக்கணக்கான யூரோக்கள். சம்பளத்தை எண்ணிச் செலவழிக்கும் பிள்ளை என்பதால் சற்று விரிவாகவே பதில் எழுதினேன்.

முதலில் அப்பம்மா விடயம். அவர் என் தாயார். மீன் குழம்பும் புளிக்கறியும் கூழும் அவர் மண்சட்டியில்தான் சமைத்தார். எங்கள் வீட்டில் செம்பும் பித்தளையும் தண்ணீருக்கும் பாலுக்கும் உரியவை. கலியாணம் வந்தால் பெரிய கிடாரம் இறங்கும். புளி செம்பைத் தின்னும் என்பது அவருக்குத் தெரியும். பழப்புளி, தேசிக்காய், தக்காளி, மோர் ஆகியவற்றின் அமிலம் செம்பைக் கரைத்து உணவிலே சேர்த்துவிடும். செம்பு சிறிதளவில் உடம்புக்குத் தேவையானதே. மிகுந்தால் குமட்டலும் வாந்தியும் வயிற்று நோவும் வரும். குடிநீரில் லீற்றருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் செம்பு இருக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். எங்கள் கறிகளில் புளிப்பில்லாதவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

இதனாலேயே செப்புச் சட்டியின் உட்புறத்தில் ஈயம் பூசினார்கள். ஈயம் என்று நாம் சொன்னாலும் அது வெள்ளீயம், காரீயம் அன்று. சிறுவயதில் எங்கள் ஒழுங்கைக்கு ஈயம் பூசுபவர் வருவார். நிலத்தில் குழி தோண்டி, கரி மூட்டி, துருத்தியால் ஊதி, பாத்திரத்தைக் காயவைத்து, நவச்சாரம் தூவுவார். வெண்புகை எழும். ஈயத் துண்டை உள்ளே தொட்டுப் பழந்துணியால் ஒரு சுற்றுச் சுற்றினால், கறுத்திருந்த பாத்திரம் நிலவுபோல் வெளுத்துவிடும். நாங்கள் வாய் பிளந்து நிற்போம். பாத்திரத்தின் விலையில் அந்த மனிதரும் அடக்கம் என்றே சொல்லவேண்டும். அவரைப் போன்றவர்கள் அருகிவிட்டனர். மலிவுக்காகக் காரீயம் கலந்து பூசுபவரிடம் அகப்பட்டால் கேடு பிள்ளைகளின் மூளைக்கு. பார்வைக்கு வேறுபாடும் தெரியாது.

வெள்ளீயம் 232 பாகை செல்சியசில் உருகிவிடும். தாளிப்பதற்காக வெறுஞ்சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு வெங்காயம் அரியும் நமது பழக்கத்துக்கு அது தாக்குப்பிடிக்காது. தும்பும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாலும் தேய்ந்து போகும்.

செம்பின் பெருமையை மறுக்கவில்லை. அலுமினியத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேலாகவும், எவர்சில்வரைவிட இருபது மடங்குக்கு மேலாகவும் வெப்பத்தைக் கடத்தும். அடுப்பைத் தணித்தவுடன் தானும் தணியும். சீனிப்பாகும் பழப்பாகும் காய்ச்சுபவர்களுக்கு அது வரப்பிரசாதம். ஆனால் கொதிக்கும் குழம்பில் நீரே வெப்பத்தைப் பரப்பிவிடுகிறது. அங்கே செம்புக்குப் பெரிய வேலை இல்லை. மேலும் 2 முதல் 2.5 மில்லிமீற்றர் தடிப்பு இருந்தால்தான் இந்தப் பெருமையெல்லாம். எவர்சில்வரின் மேல் செப்புத்தாள் ஒட்டியதுபோல் வரும் அழகுப் பாத்திரங்களில் பரிமாறலாம். சமையலுக்கு அவற்றால் கூடுதல் பயன் கிடையாது. சாதாரண இண்டக்ஷன் அடுப்பிலோ தனிச் செம்பு சூடேறவே மாட்டாது.

ஆகவே நான்கு வேண்டாம், ஒன்று போதும் என்று எழுதினேன். உள்ளே எவர்சில்வர் பொருத்திய, கைப்பிடி உறுதியான, சிறிய சட்டி. அதற்கு ஈயம் பூசவேண்டியதில்லை. பால், பாகு, பாயாசம் எல்லாவற்றுக்கும் உதவும். மீதிப் பணத்தில் அடி தடித்த எவர்சில்வர்ப் பாத்திரங்கள் வாங்கலாம்.

பாட்டன் காலத்துச் செப்புப் பாத்திரம் வைத்திருப்பவர்கள் அதை விற்றுவிட வேண்டாம். உட்புறத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஈயம் தேய்ந்து சிவப்புத் தெரிந்தால் அதில் சமைக்காதீர்கள். பச்சைக் களிம்பு படிந்திருந்தால் புளியும் உப்பும் இட்டுத் தேய்த்துக் கழுவி, தண்ணீர் ஊற்றி வைக்கலாம். தேசிக்காய்த் தண்ணீர் மட்டும் கூடாது.