மணவாளக்குறிச்சி மணலும் பெர்லின் தெருவிளக்கும்

ஜூன் 9, ஞாயிறு

பாலராமபுரத்துப் பழைய இரும்பு ஆக்கர் கடையில் இன்று ஒரு எனாமல் ஷேடு கிடைத்தது. வெளிப்புறம் கரும்பச்சை, உட்புறம் வெள்ளை. எனாமல் தெறித்த விளிம்பில் மட்டும் துரு. ரோட்டோரப் போஸ்ட்டில், வளைந்த குழாயின் நுனியில், குண்டு பல்புக்குக் குடையாக இருந்த சாதனம். டியூப் லைட் வந்தபோது கழற்றப்பட்டு, யார் வீட்டுச் சாய்ப்பிலோ கிடந்து, கடைசியில் இரும்பு விலைக்கு வந்திருக்கிறது.

"இது கொள்ளாது சாரே, ஓரமெல்லாம் போயாச்சு. நல்லது வந்தா எடுத்து வைக்கேன்" என்றார் கடைக்காரர். இதுவே போதும் என்று வாங்கிக்கொண்டேன். கோட்டுகாலில் என் வீட்டுப் பின்புறச் சாய்ப்பில் இப்போது எனாமல் ஷேடுகளும் பீங்கான் இன்சுலேட்டர்களும் பித்தளை ஹோல்டர்களும் ஒரு மெர்க்குரி விளக்குக் கூடும் ராந்தல்களும் பெட்ரோமாக்ஸும் சேர்ந்திருக்கின்றன.

எதற்காகச் சேர்க்கிறேன் என்பதையும் எழுதி வைக்க வேண்டும். ஓர் ஊரின் பகலைப் படம் பிடித்தவர்கள் உண்டு. ராத்திரி எப்படி இருந்தது, எந்த முக்கில் எவ்வளவு தூரத்துக்கு வெளிச்சம் விழுந்தது, அது என்ன நிறத்தில் விழுந்தது என்பதற்குச் சாட்சி கிடையாது. விளக்கு கையில் இருந்தால் ஏற்றிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். இந்தப் பொழுதுபோக்கு எனக்கு அவ்வளவுதான், அவ்வளவு பெரியதும்தான்.

ஜூன் 15, சனி

எனாமல் என்பது பெயிண்ட் அல்ல. கண்ணாடித் தூளை இரும்புத் தகட்டில் பூசி, சுமார் 800 டிகிரி சூட்டில் உருக்கி ஒட்டவைப்பது. அதனால்தான் இத்தனை காலக் கடற்காற்றிலும் உள்வெள்ளை மங்கவில்லை. அதே காரணத்தால் வீட்டில் வைத்துப் புதிதாகப் பூசவும் முடியாது. முழு ஷேடுக்கும் பளபளப்பாகப் பெயிண்ட் அடித்து விற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது பழுதுபார்ப்பது அல்ல, அழிப்பது.

வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவிட்டு, பழைய வேட்டித் துணியால் துடைத்தேன். கம்பிப் பிரஷ் விளிம்புத் துருவுக்கு மட்டும். துரு போன இடத்தில் ரெட் ஆக்சைடு பூசி நிறுத்திக்கொண்டேன். தெறிப்புகள் அப்படியே தெரியட்டும்.

பித்தளை ஹோல்டருக்குப் புளியை மிஞ்சிய மருந்து இல்லை. ஆனால் உள்ளே இருக்கும் பீங்கானைப் பிரித்து எடுத்த பிறகே தேய்க்க வேண்டும், கழுவியதும் வெயிலில் நன்றாக உலர்த்த வேண்டும். ரப்பரும் துணியும் சுற்றிய பழைய ஒயர் தொட்டதும் பொடிந்தது. பழமை என்று அதை விட்டுவைப்பது உயிருக்கு ஆபத்து. ஒயர் மட்டும் எப்போதும் புதிது, எர்த் கம்பியோடு. முதல்முறை மின்சாரம் கொடுப்பது சீரீஸ் போர்டு வழியாகத்தான். இடையில் ஒரு 100 வாட் பல்பு நிற்கும். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் அந்தப் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

ஜூன் 23, ஞாயிறு

ஓய்வுபெற்ற லைன்மேன் நண்பர் வந்திருந்தார். கேரள-தமிழ்நாட்டு எல்லையிலுள்ள களியிக்காவிளைக்கு அந்தப் பக்கம் வீடு, அவர் வேலை பார்த்தது தமிழ்நாட்டு வாரியத்தில். 1956 நவம்பர் 1-ல் மாநில எல்லைகள் மாறியபோது அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் அந்தப் பக்கம் போயின. எங்கள் நெய்யாற்றின்கரை இந்தப் பக்கம் நின்றது. அடுத்த ஆண்டு இரண்டு மாநிலங்களிலும் தனித்தனி மின்சார வாரியங்கள் வந்தன. அவரோடு பேசினால் எல்லைக்கோடு மறந்துபோகும். இரண்டு பக்கமும் அதே சோக், அதே ஸ்டார்ட்டர், அதே மழைக்காலத் தொல்லை.

மெர்க்குரி விளக்குக் கூட்டைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "கரண்டு போயிட்டு வந்தா மெர்க்குரி ஒடனே எரியாதாக்கும். சூடு ஆறணும். அதுக்குள்ள நாலு பேரு ஆபீசுக்குப் போன் அடிச்சிருவாவ."

அந்த நீலப்பச்சை வெளிச்சம் மெல்ல மெல்லத்தான் முழுதாகும். நிறத்தில் அதற்கு நேர்மாறு தாழழுத்த சோடியம். 1932-ல் நெதர்லாந்தில் ஒரு சாலையில் முதலில் போடப்பட்டது. ஏற்றியதும் சிவப்பாகத் தொடங்கி, பிறகு ஒரே மஞ்சளாக நிற்கும். உண்மையிலேயே ஒரே மஞ்சள்: 589 நானோமீட்டர் அலைநீளத்துக்குப் பக்கத்தில் தவிர வேறு நிறமே அதில் கிடையாது. அதன் கீழே சிவப்புச் சேலையும் பச்சைச் சேலையும் ஒரே சாம்பல் நிறம்தான். நம் ரோடுகளில் பெரும்பாலும் எரிந்தது 1960களில் வந்த உயரழுத்த சோடியம். அது கொஞ்சம் இரக்கமுள்ளது, பொன்னிறத்துக்கிடையே மற்ற நிறங்களையும் காட்டும்.

இந்த விளக்குகள் முழுதாகக் கிடைப்பது அரிது. சோக்கில் செம்புக் கம்பி இருப்பதால் அதை முதலில் உடைத்து எடுத்துவிடுகிறார்கள். மெர்க்குரி பல்பைச் சேர்ப்பவர்கள் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. உள்ளே இருப்பது பாதரசம். உடையாமல், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

ஜூலை 6, சனி

மணவாளக்குறிச்சி போய் வந்தேன். விளக்குச் சேகரிப்பவன் கடற்கரைக்கு ஏன் போக வேண்டும் என்று வீட்டில் கேட்டார்கள். சொல்லச் சொல்ல அவர்களும் அதிசயித்தார்கள், அதனால் இங்கேயும் விரிவாக எழுதுகிறேன்.

பெட்ரோமாக்ஸில் கட்டும் வலைப்பையை எல்லாரும் பார்த்திருப்போம். நூலால் பின்னிய அந்த மேண்டிலை முதலில் கொளுத்தியதும் நூல் எரிந்துபோய், வெள்ளைச் சாம்பல் கூடு மட்டும் நிற்கும். வெளிச்சம் தருவது அந்தக் கூடுதான். வியன்னாவின் கார்ல் அவுவர் 1885-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1891-ல் 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு என்ற சரியான கலவையைக் கண்டார். அதுவரை வெறும் மஞ்சள் தீநாக்காக இருந்த கேஸ் தெருவிளக்கு, அதற்குப் பிறகுதான் வெள்ளையாக ஒளிர்ந்து, மின்விளக்கோடு பல காலம் போட்டி போட்டது.

தோரியத்துக்கு மோனசைட் மணல் வேண்டும். அது அன்று முக்கியமாகப் பிரேசிலிலிருந்து வந்தது. 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து இறக்குமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டார். மணல் வந்த வழியைத் தேடி அவர் வந்து சேர்ந்த இடம் மணவாளக்குறிச்சி. அங்கே மணல் பிரிக்கும் ஆலை எழுந்தது. முதல் உலகப்போரோடு ஜெர்மானியர் பிடி போய், ஆங்கிலேயர் கைக்கு மாறியது. இன்று அதே ஊரில், 1950-ல் நிறுவப்பட்ட இந்திய அருமணல் நிறுவனத்தின் ஆலை நடக்கிறது.

யோசித்துப் பாருங்கள். இந்தப் பகுதிகளில் இருட்டினால் ஓலைச் சூட்டும் ராந்தலும்தான் துணை என்றிருந்த நாளில், நம் கடற்கரை மணல் கப்பலேறி ஐரோப்பாவின் தெருக்களுக்கு வெளிச்சம் கொடுத்தது. தொண்டு மட்டையை ஊறவைத்து அடித்துக் கயிறு திரித்த நம் பெண்களின் கைவழியாகத்தான் அந்தச் சேதியே அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் யாரும் எனக்கு இதைச் சொல்லித்தரவில்லை.

பழைய மேண்டில் சிறிதளவு கதிர்வீச்சு உடையது. அதன் பொடியைச் சுவாசிக்கக் கூடாது. என்னிடம் உள்ளதைக் கொளுத்தாமல், மூடிய கண்ணாடிக் குப்பியில் வைத்திருக்கிறேன். ஏற்றிப் பார்க்க, தோரியம் இல்லாத புது மேண்டில்கள் கிடைக்கின்றன.

ஜூலை 14, ஞாயிறு

பழைய தெருவிளக்கைக் காத்தவர்கள் வேறு நாடுகளிலும் உண்டு. பெர்லினில் 2011 அளவிலும் 40 ஆயிரத்துக்கு மேல் கேஸ் தெருவிளக்குகள் இருந்தன. அங்கே தியர்கார்ட்டன் பூங்காவில் 1978-ல் ஒரு திறந்தவெளிக் காட்சியகம் அமைத்து, பல நகரங்களின் பழைய கேஸ் விளக்குகளை வரிசையாக நட்டு எரியவிட்டார்கள்.

லாஸ் ஏஞ்சல்ஸில் கிறிஸ் பர்டன் என்ற சிற்பி 2000-ல் ஒரு பழம்பொருள் சந்தையில் பழைய வார்ப்பிரும்புத் தெருவிளக்குகளைப் பார்த்து வாங்கினார். பிறகு தேடித் தேடிச் சேர்த்தார். பெரும்பாலும் 1920, 30களில் தென் கலிஃபோர்னியத் தெருக்களில் நின்றவை. துரு நீக்கி, ஒரே சாம்பல் வண்ணம் பூசி, 202 விளக்குகளை 2008-ல் அந்நகரக் கலைக் காட்சியகத்தின் வாசலில் நிறுத்தினார். இன்று அந்த நகரத்தின் அடையாளமே அதுதான். ஒரே வண்ணம் பூசியதில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. ஒவ்வொரு தெருவும் தன் விளக்குக்குத் தந்த நிறத்தையும் காத்திருக்கலாம்.

ஆகஸ்ட் 5, திங்கள்

1905-ல் இதே நாளில் பெங்களூரு நகரச் சந்தைப் பகுதியில் மின்சாரத் தெருவிளக்கு எரிந்தது. கோலார் தங்கச் சுரங்கத்துக்காக 1902-ல் தொடங்கிய சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்தின் மின்சாரம் அது. திருவனந்தபுரத்துக்கு மின்சாரம் 1929-ல்தான், அதுவும் தம்பானூர்ப் பக்கத்துப் பவர் ஹவுஸின் ஜெனரேட்டரிலிருந்து. பள்ளிவாசல் நீர்மின்சாரம் 1940-ல். அதற்கும் பிறகுதான் எங்களைப் போன்ற கிராமங்களின் முறை வந்தது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

சரிசெய்த ஷேடில் நான்கு வாட் எல்.இ.டி. குண்டு பல்பு மாட்டியாயிற்று. வெள்ளை எனாமல் வெளிச்சத்தைக் கீழ்நோக்கி மட்டும் அனுப்புகிறது. வீட்டு வாசலிலும் பாதையிலும் விழுகிறது, பக்கத்து வீட்டு ஜன்னலில் விழவில்லை. இன்றைய பல விளக்குகளில் இந்த ஒழுங்கு இல்லை.

எல்.இ.டி.க்கு நான் எதிரி அல்ல. பாதிக்கும் குறைவான மின்சாரத்தில் அதே வெளிச்சம் வரும்போது பஞ்சாயத்துப் பணத்தை வீணாக்கச் சொல்ல மாட்டேன். பாதரசத்தைக் குறைக்க வந்த மினமாட்டா ஒப்பந்தம் மெர்க்குரி விளக்குகளுக்கு 2020-ஐக் கெடுவாக வைத்ததும் நியாயமே. கேரளத்தில் 'நிலாவு' திட்டத்தில் ஊர் ஊராக விளக்குகள் மாறுகின்றன, மாறட்டும்.

ஒன்றே ஒன்றைக் கேட்கிறேன். உங்கள் வார்டில் விளக்கு மாற்ற ஆள் வரும்போது, கழற்றுவதில் ஒன்றை எடுத்து வைக்கும்படி மெம்பரிடம் எழுதிக் கொடுங்கள். அது பொதுச்சொத்து, ஏலத்துக்குப் போகுமுன் முறைப்படி கேட்டால் ஊர் வாசகசாலைக்கோ பள்ளிக்கோ கிடைக்கும். நீங்களே போஸ்ட்டில் ஏறாதீர்கள், ரசீது இல்லாமல் வாங்காதீர்கள். கிடைத்ததும், எந்த முக்கில் நின்றது, எந்த ஆண்டு கழற்றியது என்று ஒரு அட்டையில் எழுதி அதோடு கட்டிவிடுங்கள்.