முட்டை லாரியில் ஒரு கேரவன் டூர்!

'கேரவன்'னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஷூட்டிங் ஸ்பாட்ல ஹீரோ ஏறி உட்கார்ந்து ஏ.சி. போட்டுக்கற வண்டிதானே? போன செமஸ்டர் லீவு வரைக்கும் எனக்கும் அப்படித்தான்.

எங்க கிளாஸ் பசங்க ஆறு பேர் சேர்ந்து ஒரு பிளான் போட்டாங்க. கேரளாவில் 2021-லேயே அரசாங்கம் கேரவன் டூரிஸத்தை ஆரம்பிச்சு வெச்சிருக்கு. வண்டிக்குள்ளேயே பெட், கிச்சன், பாத்ரூம். அதுல ஏறி வயநாடு போய், காட்டோரமா நிறுத்தி, நட்சத்திரம் பார்த்துக்கிட்டே தூங்கணும். தலைக்கு ஏழாயிரம்!

வீட்ல கேட்டேன். அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில மாட்டிக்கிட்டே, "ஃபீஸ் கட்டி பத்து நாள்கூட ஆகலியே கண்ணு" என்றார். நான் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு அவரே கேட்டார்... "வயநாடுதானே? வியாழக்கிழமை சுல்தான் பத்தேரிக்கு முட்டை லோடு. கிளீனர் பையன் லீவு. கூட வர்றியா?"

எங்கப்பா லாரி டிரைவர். நாமக்கல்ல இது அதிசயமே இல்லை. ஆனா காலேஜ் சேர்ந்த புதுசுல 'அப்பா என்ன பண்றார்?'னு கேட்டவங்களுக்கு நான் சொன்ன பதில், 'டிரான்ஸ்போர்ட் பிசினஸ்'. மூணாவது வருஷம் வரைக்கும் அதை மாத்திக்கவே இல்லை.

வியாழக்கிழமை மதியம் கிளம்பினோம். டிரைவர் சீட்டுக்குப் பின்னால ஒரு ஆள் படுக்கிற பலகை... அதுதான் பெட்ரூம். வெளியே பக்கவாட்டு டூல் பாக்ஸ்ல ஸ்டவ், குக்கர், அரிசி டப்பா... அதுதான் கிச்சன். ஏ.சி? 2025 அக்டோபர் 1-க்குப் பிறகு தயாராகிற லாரிகளோட கேபின்ல ஏ.சி. கட்டாயம்னு சட்டமே வந்திருக்கு. எங்க வண்டி அதுக்கு ரொம்ப வருஷம் மூத்தது. இன்ஜின் சூடு நேரா காலுக்கு வருது. மெக்கானிக்கல் படிக்கிறவன், 'ஹீட் டிரான்ஸ்ஃபர்' பேப்பர்ல அறுபத்தெட்டு மார்க் வாங்கினவன்... அதோட அர்த்தம் ஈரோடு தாண்டறதுக்குள்ள என் முட்டிக்குப் புரிஞ்சுபோச்சு!

பண்ணாரியில செக்போஸ்ட் க்யூ. 2022-ல் வந்த ஹைகோர்ட் உத்தரவுப்படி சாயங்காலம் 6 மணிக்குள்ள லாரி உள்ளே போயாகணும். போனோம். திம்பம் மலையில 27 ஹேர்பின் வளைவு. ஒவ்வொரு வளைவுலயும் எதிர்ல இறங்குற வண்டிக்கு ஹாரன், லைட், கையசைப்பு. அப்பா ஒரு வார்த்தை பேசலை. பின்னால இருக்கறது முட்டையாச்சே!

சாம்ராஜ்நகர், குண்டுலுப்பேட்டை எல்லாம் தாண்டி பந்திப்பூர் தேசியப் பூங்காவோட மத்தூர் செக்போஸ்ட்டுக்குப் போனப்ப மணி 9.12. கேட் போட்டாச்சு. 2009-லிருந்தே ராத்திரி 9 முதல் காலை 6 வரை இந்த ரோட்டுல வண்டிகளுக்குத் தடை. ஆம்புலன்ஸுக்கும் சில அரசு பஸ்ஸுக்கும் மட்டும்தான் வழி.

"பன்னெண்டு நிமிஷத்துல ஒரு ராத்திரி போச்சுங்களேப்பா"ன்னு புலம்பினேன். அப்பா வண்டியைத் திருப்பிக்கிட்டே சொன்னார்: "தடைக்கு முந்தி நானும் ராத்திரியில இதுலதான் போவேன். எனக்கு முன்னாடி போன வண்டி ஒரு மானை அடிச்சுட்டு நிக்காம போயிருச்சு. காதை மட்டும் ஆட்டிக்கிட்டு கெடந்துச்சு. காத்திருந்தா கொறைஞ்சா போயிருவோம்?"

குண்டுலுப்பேட்டை பக்கமா வந்து, லாரிகள் வரிசையா நிக்கிற ஒரு காலி இடத்துல நிறுத்தினோம். ஸ்டவ் பத்த வெச்சார். தக்காளி சாதம். "நாலு முட்டை வாங்கிட்டு வா"ன்னு காசு குடுத்தார். பின்னால அட்டைக்கு 30 வீதம் ஆயிரக்கணக்குல முட்டை இருக்கு... நான் கடைக்குப் போய் முட்டை வாங்கிட்டு வரணுமாம்! "லோடு நம்முது இல்ல கண்ணு" என்றார். அவ்வளவுதான் விளக்கம். அந்தத் தக்காளி சாதம் மாதிரி எங்கம்மாகூட செஞ்சதில்லை. (அம்மா இதைப் படிக்க மாட்டாங்கன்னு நம்பறேன்!)

பலகையை எனக்குக் குடுத்துட்டு சீட்ல காலை மடக்கிப் படுத்தார். ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சுப் பார்த்தா உட்கார்ந்திருக்கார். டீசல் டேங்க் பக்கம் ஏதோ சத்தமாம்.

"தூங்கலீங்களாப்பா?"

"இதுல நல்லாவே தூங்குவேன்டா. வீட்டுலதான் தூக்கம் வராது. ஆடாம கெடந்து பழக்கமில்ல."

சாதாரணமாத்தான் சொன்னார். எனக்குத்தான் அப்புறம் தூக்கம் வரலை. மனசுக்குள்ள கணக்குப் போட்டேன். மாசத்துக்கு அஞ்சு நாள் வீட்ல இருப்பார். வருஷத்துக்கு 60 நாள். எனக்கு வயசு 20. ஆக 1,200 நாள்... மூணு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல. எங்கப்பாவோட நான் மொத்தமா வாழ்ந்தது அவ்வளவுதான். மீதி நாளெல்லாம் அவர் இந்தக் கேரவன்லதான் இருந்திருக்கார், டூர் போகாமலே.

காலை 6 மணிக்குக் கேட் திறந்தாங்க. பந்திப்பூருக்குள்ள சுமார் 20 கிலோமீட்டர். நிறுத்தக் கூடாது, இறங்கக் கூடாது. பனி மூடின ரோடு, புள்ளிமான் கூட்டம். ஒரு திருப்பத்துல, குட்டியோட ஒரு யானை ரோட்டைக் கடக்க நின்னுச்சு. அப்பா தூரத்துலயே வண்டியை நிறுத்திட்டார். ஹாரனைத் தொடவே இல்லை. நான் செல்போனை எடுக்கப்போக, "மொதல்ல கண்ணால பாரு" என்றார். பார்த்தேன்.

ஊர் திரும்பினதும் பசங்க வாட்ஸ்அப் குரூப்ல கேரவன் போட்டோவா கொட்டியிருந்தாங்க. 'நீ வராம மிஸ் பண்ணிட்டியே மச்சி'ன்னு வேற.

'நானும் வயநாடு போனேன்டா. முட்டை லாரியில. எங்கப்பா டிரைவர்'னு டைப் பண்ணினேன். கடைசி ரெண்டு வார்த்தையை ரெண்டு தடவை அழிச்சு, மூணாவது தடவை அனுப்பிட்டேன்.

கொஞ்ச நேரம் குரூப்ல சத்தமே இல்லை. அப்புறம் ஒருத்தன் கேட்டான்: 'அடுத்த லோடு எப்போடா?'

ஸாரி மச்சி... கேபின்ல கிளீனர் சீட்டு ஒண்ணுதான் இருக்கு. லீவு முடியற வரைக்கும் அது எனக்கு!