துபாயைப் படம் பிடித்தவர்

ஜீயபுரம் பக்கம் எந்தத் தெருவில் நுழைந்தாலும் துபாய்க்குப் போய்வந்தவர் ஒருவராவது இருப்பார். கூடத்துச் சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில், புர்ஜ் கலீஃபாவுக்கு முன்னால் நின்று எடுத்த படம் தொங்கும். அதற்கு முந்தைய தலைமுறை என்றால், பெல்பாட்டம் போட்டுக்கொண்டு தேரா பக்கம் கிரீக் கரையில், படகுகளை ஒட்டி நின்று எடுத்தது. இரண்டும் ஒரே ஊர் என்று சொன்னால் நம்புவது கொஞ்சம் கஷ்டம்தான்.

அந்த இரண்டு படங்களுக்கும் நடுவில் நடந்ததை எல்லாம் கேமராவில் பிடித்து வைத்தவர் ரமேஷ் சுக்லா. மும்பைக்காரர். 2025 பிப்ரவரியில் 87 வயதில் காலமானார்.

1965இல் அவர் கப்பலில் வந்து இறங்கியபோது கையில் இருந்தது ஒரு ரோலிகார்ட் கேமரா. ஒரு ரோலுக்கு 12 படம். (இன்றைக்கு ஒரு பிரியாணித் தட்டுக்கே 12 எடுக்கிறார்கள்!) அப்போது அமீரகம் என்ற நாடே கிடையாது. அங்கே புழங்கிய பணம் நம்ம ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்று தனியாக அச்சடித்த ரூபாய் நோட்டு. 1966இல் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்த பிறகுதான் அதைக் கைவிட்டார்கள். துபாய்க் கடலில் எண்ணெய் கிடைத்ததும் அதே வருஷம்தான். அதாவது, பணம் கொட்டப் போகிறது என்று தெரிந்து சுக்லா அங்கே போகவில்லை.

ஒட்டகப் பந்தயம் ஒன்றில் ஷேக் சையதைப் படம் எடுத்து, பிரிண்ட் போட்டு, அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தார். அதைப் பார்த்த ஷேக் தன் பேனாவை எடுத்துக் கொடுத்து, படத்தில் கையெழுத்துப் போடச் சொன்னாராம். 1971 டிசம்பர் 2ஆம் தேதி ஆறு அமீரகங்களின் ஆட்சியாளர்கள் துபாயில் கூடி ஒரே நாடாக இணைந்தபோதும் சுக்லா கேமராவோடு அங்கே இருந்தார். அன்று எடுத்த படம் அந்த நாட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்.

அவர் இறந்ததும் பட்டத்து இளவரசர் ஷேக் ஹம்தானே இரங்கல் தெரிவித்தார். ஒரு இந்தியப் புகைப்படக்காரருக்கு இது பெரிய மரியாதைதான். ஆனால் ஷேக்குகளின் படங்களை மட்டும் வைத்துப் பார்த்தால், சாதாரண ஜனங்களுக்கு ஏன் துக்கம் என்று புரியாது. அவர்களுக்கு முக்கியம் மற்ற படங்கள்: கிரீக்கில் ஆட்களை ஏற்றி அக்கரைக்கு விடும் அப்ரா படகுகள், மீன் பிடிப்பவர்கள், கடைத்தெரு, கட்டடமே இல்லாத வெறும் மணல்.

ஒரு ஒப்பீடு பாருங்கள். 1858இல் லின்னேயஸ் டிரைப் என்ற வெள்ளைக்கார ராணுவ அதிகாரி திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் வந்து படம் எடுத்தார். மலைக்கோட்டையும் அதில் உண்டு. அவர் 1902இல் இங்கிலாந்தில் இறந்தார். இங்கே யாரும் அழுததாகத் தெரியவில்லை, அழவேண்டிய தேவையும் இல்லை. மலைக்கோட்டை அதே இடத்தில் இருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் மொட்டையாகக் கிடந்த ராஜகோபுரம் 1987இல் 13 நிலையாக எழுந்தது, அவ்வளவுதான். தாத்தா பார்த்த ஊரைப் பேரனுக்குக் காட்ட, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கித் தலையைத் தூக்கினால் போதும்.

துபாயில் அது முடியாது. 1979இல் 39 மாடி உலக வர்த்தக மையம் வந்தபோது அதைச் சுற்றிப் பெரும்பாலும் மணல்தான். 2010இல் 828 மீட்டர் உயர புர்ஜ் கலீஃபா திறந்தார்கள். நடுவில் எத்தனை தெருக்கள் காணாமல் போயின!

அதைவிட முக்கியம், அங்கே உழைத்தவர்களில் பெரும்பாலானோர் அந்த ஊர்க்காரர்கள் இல்லை. வேலை இருக்கும்வரைதான் விசா. (2019இலிருந்து கோல்டன் விசா வந்திருக்கிறது, ஆனால் அது கம்பி கட்டுபவருக்குக் கிடைக்கிற விஷயம் இல்லை.) 25, 30 வருஷம் இருந்துவிட்டுத் திரும்புகிறவர் கையில் இருப்பது பழைய பாஸ்போர்ட்டில் கொஞ்சம் முத்திரைகள். தங்கிய கட்டடத்தை இடித்திருப்பார்கள். வேலை பார்த்த கடை இருந்த இடத்தில் வேறு ஏதோ நிற்கும். 'நான் இருந்தப்போ இங்கே ஒண்ணுமே இல்லை' என்று அவர் சொன்னால் வீட்டில் யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை, வழக்கமான பெருமைப் பேச்சு என்று நினைப்பார்கள்.

சுக்லாவின் படம்தான் அவருக்குச் சாட்சி. அந்தச் சாட்சியும் அவரைப் போலவே பிழைக்கப் போன இன்னொரு இந்தியர் எடுத்தது. ஒரு வித்தியாசம்தான்: இவர்கள் திரும்பி வந்தார்கள், சுக்லா அங்கேயே இருந்துவிட்டார்.

திருச்சியிலிருந்து துபாய்க்கும் ஷார்ஜாவுக்கும் விமானம் போய்க்கொண்டுதான் இருக்கிறது. இப்போது போகிற பையன்களும் இறங்கியவுடன் செல்போனில் ஒரு படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். பின்னணியில் அநேகமாக ஒரு கிரேன் இருக்கும்.