மலைக்கு இப்பால் ஒரு நிறம்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வத்திராயிருப்புக்குப் போகும்போது மேற்கே மலை கூடவே வரும். தென்மேற்குப் பருவமழையின் பெரும்பங்கை அந்த மலை கேரளத்துப் பக்கமே இறக்கி வைத்துவிடுகிறது. இப்பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிய பூமி. பிளவக்கல் அணைக்குப் போனாலும் தாணிப்பாறைக்குப் போனாலும் இதை நினைவில் வைத்துக்கொண்டால்தான் இந்த மலையடிவாரத்துச் சாம்பல் நிற அணிலின் நிறம் புரியும் என்பது என் கட்சி. பழுப்பும் சாம்பலும் கலந்த முதுகு, அதில் நுனி வெளுத்த முடிகள், கருத்த உச்சந்தலை, நரையோடிய நீண்ட வால். வறண்ட காட்டின் பட்டையோடு ஒட்டிப்போகும் நிறம். இதே இனம் இலங்கையின் உலர்வலயத்திலும் இப்படியே இருக்கிறது. ஓயாமல் மழை பெய்யும் தென்மேற்கு இலங்கையிலோ முதுகு கருப்பு, வயிறு மஞ்சள் சாயல். ஈரம் மிகுந்த இடத்து விலங்குகளின் நிறம் அடர்ந்திருக்கும் என்று 1833-இல் விலங்கியலாளர் குளோகர் சொன்னதற்கு இது நல்ல சான்று. ஸ்ரீவில்லிபுத்தூர் மலையிலேயே மேலே ஈரக்காட்டில் வாழும் மற்றோர் இனமான மலபார் அணில் கருஞ்சிவப்பும் கருப்புமாகத்தான் இருக்கிறது.

மழைதான் காரணம் என்றால் பீமாசங்கர் அணில் ஏன் கருக்கவில்லை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மழை கொட்டும் அந்த மகாராஷ்டிர மலையில் மலபார் அணிலின் உடலில் கருப்பே கிடையாது, முதுகெல்லாம் செம்பழுப்பு. ஆகவே மழை மட்டுமே நிறத்தைத் தீர்மானிக்கவில்லை; நெடுங்காலம் தனித்துப்போன கூட்டத்தின் வம்சாவளியும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. நிறத்தை வைத்துத் துணையினம் பிரிப்பதே மனிதர் போட்ட கோடு என்போரும் உண்டு. மலபார் அணிலில் நான்கா எட்டா என்று அறிஞர்களிடையே ஒப்புதல் இல்லை என்பது மெய்தான். ஆனால் சண்டை கோட்டை எங்கே போடுவது என்பதில்தான். இடத்துக்கு இடம் நிறம் மாறுவதை யாரும் மறுக்கவில்லை.

இதனால்தான் சாம்பல் நிற அணில் வாழும் வத்திராயிருப்புப் பக்கத்து ஓடைக்கரைகள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. 1988-இல் இங்கே இந்த அணிலுக்கான சரணாலயம் வந்தது, 2021-இல் புலிகள் காப்பகமும் ஆனது. ஆயினும் மரத்துக்கு மரம் தாவியே வாழும் இந்த அணிலுக்கு மருதும் புளியும் மாவும் கிளை கோத்து நிற்க வேண்டும். இங்கே கூட்டம் அழிந்தால் தென்மேற்கு இலங்கையின் கருப்பு அணிலைக் கொண்டுவந்து ஈடுகட்ட முடியாது; அது வேறொரு மழைக்கும் வேறொரு வம்சத்துக்கும் உரியது. கணக்கெடுக்கும்போது தலைகளை எண்ணினால் போதாது. ஓடையோரம் கிளைத்தொடர் எங்கெங்கே அறுந்திருக்கிறது என்பதையும் குறித்து, அங்கெல்லாம் அதே ஓடைக்கரை மரங்களை நட வேண்டும்.