சூடானா திணறுற வண்டி

எழுதி ரொம்ப நாளாச்சுங்க. ஆபீஸ்ல ஆணி அதிகம்... வழக்கமான பொய்தான். ஒரு வாரம் லீவு போட்டு ஊருக்குப் போனேன். ரெஸ்ட் எடுக்கத்தான் போனது. எடுத்ததெல்லாம் மல்டிமீட்டர் ரீடிங்.

ஊர் புன்னக்காயல். தாமிரபரணி கடல்ல சேர்ற இடம். ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் கடல், மிச்ச இடத்துக்கு உப்பளம். சைக்கிள் செயின்ல இருந்து ஜன்னல் கம்பி வரைக்கும் உப்புக்காத்து எதையும் விட்டு வைக்காது. அப்படிப்பட்ட ஊர்ல எங்க அப்பாகிட்ட ஒரு மாருதி 800 இருக்கு. எம்.பி.எஃப்.ஐ. மாடல், கார்புரேட்டர் கிடையாது. முட்டு வலின்னு கடலுக்குப் போறத நிறுத்தினப்ப, வள்ளத்துல இருந்த பங்கை வித்து செகண்ட் ஹேண்டுல வாங்கினது. பேருக்குத்தான் எங்க வண்டி. ராத்திரி ரெண்டு மணிக்கு யாருக்கு நெஞ்சு வலிச்சாலும் தூத்துக்குடி பெரியாஸ்பத்திரிக்கு அதுதான் போகும். டீசல் காசு கூட வாங்க மாட்டார். (பெட்ரோல் வண்டிதான். அவருக்கு இன்னைக்கும் எல்லாமே டீசல்தான்.)

இந்த வண்டிக்கு ஒரு வருஷமா ஒரு வியாதி. காலையில ஸ்டார்ட் பண்ணா ஜம்முன்னு இருக்கும். பத்து கிலோமீட்டர் ஓடி சூடேறினதும், நிப்பாட்டுற இடத்துல உடம்பெல்லாம் நடுங்கும். பெட்ரோல் வாடை. சில சமயம் அப்படியே நின்னுடும். பிளக்கைக் கழட்டினா கரி. மெக்கானிக் ஒருத்தர் பிளக்கை மாத்தினார், த்ராட்டில் பாடியைக் கழுவினார், கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாரைப் புதுசா போட்டார், கடைசியா ஐடில் வால்வு. ஆறாயிரத்துச் சொச்சம். வியாதி அப்படியே இருந்துச்சு.

போன மழைக்காலத்துல ஒரு ராத்திரி, பக்கத்துத் தெரு பிள்ளை ஒண்ணைப் பிரசவத்துக்குக் கூட்டிட்டுப் போறப்ப பழையகாயல் தாண்டி வண்டி நின்னுடுச்சு. பின்னால வந்த ஒரு மீன் வண்டியில ஏத்தி அனுப்பினாங்க. தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க. ஆனா அதுக்கப்புறம் யார் வந்து கேட்டாலும் அப்பா, "வண்டி சரியில்லடே"ன்னு சொல்லிட்டு உள்ள போயிடுறாராம். அம்மாதான் போன்ல சொன்னாங்க. பழைய இரும்புக்குப் போடப்போறேன்னு வேற சொல்லிட்டாராம்.

அய்யா எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினியராச்சே, சும்மா இருக்க முடியுமா? முதல் வேலையா ஆன்லைன்ல ஒரு ப்ளூடூத் ஓ.பி.டி. அடாப்டர் வாங்கினேன். ஊருக்குப் போய்தான் தெரிஞ்சது, அது செருகுற இடமே இந்த வண்டியில கிடையாது. நம்ம நாட்டுல ஓ.பி.டி. கட்டாயமானது 2010ல இருந்துதான். செக் இன்ஜின் லைட்டும் எரியலை. சென்சார்ல இருந்து வர்ற வோல்டேஜ் நம்ப முடியாத அளவுக்குப் போனாத்தான் அது எரியும். நம்புற மாதிரி பொய் சொன்னா கண்டுக்காது. மனுசங்க மாதிரியேதான்.

அடுத்து வயரிங். இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு ஒவ்வொரு வயரா மல்டிமீட்டரை பீப் மோடுல வச்சுப் பார்த்தேன். எல்லாமே பீப். ஒரு நாள் காலி. இங்கதான் என் படிப்பு பல்லிளிச்சது. பல மீட்டர்கள் முப்பது, நாப்பது ஓம் தடை இருந்தாலும் பீப்புன்னு கத்தும். அந்த பீப்புக்கு அர்த்தம் வயர் அந்துபோகலைங்கிறது மட்டும்தான்.

மறுநாள் இன்ஜினை ஓடவிட்டு, கனெக்டரைக் கழட்டாமலே பின்பக்கமா குண்டூசி விட்டு அளந்தேன். நல்லா சூடேறின பிறகு டெம்பரேச்சர் சென்சாரோட ரெண்டு காலுக்கும் நடுவுல 0.5 வோல்ட். சரியான அளவு. அதே சிக்னல் காலை பேட்டரி மைனஸோட சேர்த்து அளந்தா 0.9! அந்த சென்சார்ல சூடு ஏற ஏற வோல்டேஜ் குறையணும். ஈ.சி.யூ. பார்க்குறது 0.9ஐத்தான். அதாவது இன்ஜின் 85 டிகிரியில கொதிக்கிறப்ப, ஏறக்குறைய 60 டிகிரிதான்னு நெனச்சு "பாவம், குளிருது"ன்னு கூடுதலா பெட்ரோல் ஊத்துது. காலையில இன்ஜின் நெஜமாவே குளிர்ந்து இருக்கிறதால கூடுதல் பெட்ரோல் தொந்தரவு பண்ணலை.

த்ராட்டில் சென்சாரை அளந்தேன். அங்கயும் 0.4 அதிகம். மேனிஃபோல்டு பிரஷர் சென்சார், அங்கயும் அதே 0.4. மூணு பேரும் ஒரே அளவுக்குத் தப்பா சொன்னா தப்பு மூணு பேர் மேலயும் இல்ல. மூணுக்கும் பொதுவா ஒரு எர்த் வயர் ஈ.சி.யூ.வுக்குப் போகுது. சென்சார் பக்கத்துல அந்த எர்த்துக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவுல 0.1 வோல்ட்டுக்குக் கீழ இருக்கணும். எனக்கு 0.4. மெக்கானிக் புது சென்சார் போட்டும் ஏன் சரியாகலைன்னு அப்பத்தான் உறைச்சது. பாவம், பழைய சென்சார் உண்மையத்தான் சொல்லிட்டு இருந்திருக்கு.

வயரைத் தடவிக்கிட்டே போனேன். பேட்டரி தட்டுக்குப் பின்னாடி, கை நுழையாத இடத்துல கறுப்பு டேப் சுத்தின ஒரு ஜாயின்ட். டேப் பிரியாம இருக்க அதுமேல பச்சை நைலான் நூல்ல ஒரு முடிச்சு. வலை பொத்துறப்ப போடுற முடிச்சு. டேப்பைப் பிரிச்சா உள்ள செம்பு தெரியலை. பச்சைக் களிம்பு பொடிப்பொடியா உதிருது. நாலஞ்சு இழைதான் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.

அந்த முடிச்சை எனக்குத் தெரியும். அதைப் போடத்தெரியாம சின்ன வயசுல குட்டு வாங்கியிருக்கேன். வெட்டியெடுத்த துண்டைச் சட்டைப் பையில போட்டேன். எலி கடிச்சிருக்குன்னு சொல்லிடலாம்னு நெனப்பு.

"ஏல, பையில என்னத்த வச்ச?"

எப்ப வந்து நின்னார்னே தெரியலை. எடுத்துக் குடுத்தேன். கண்ணுக்குக் கிட்ட வச்சுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது நா கட்டுனதுல்லா."

2023 டிசம்பர் வெள்ளம். பக்கத்துல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சே, அப்போ. மேல பேஞ்ச மழையெல்லாம் எங்க ஊர் வழியாத்தான் கடலுக்குப் போகணும். தண்ணிக்குப் பயந்து வண்டிக்குள்ள ஏறின எலி வயரைக் கடிச்சிருக்கு. (ஆக, நான் சொல்ல இருந்தது பாதி நெஜம்.) கரண்டு இல்ல. தண்ணி வடிஞ்ச பிறகு டார்ச்சை வாயில கடிச்சுக்கிட்டு முறுக்கி டேப் சுத்தியிருக்கார். பல மாசம் நல்லாத்தான் ஓடியிருக்கு. அப்புறம் ஈரமும் உப்பும் உள்ள இறங்கிடுச்சு.

கொஞ்ச நேரம் பேசலை. "அப்போ அன்னைக்கு அந்தப் பிள்ள பாதி வழியில..."

"அப்பா, நீங்க அத கட்டலைன்னா வெள்ளத்துக்கப்புறம் வண்டி உருப்படியா ஓடியே இருக்காதுப்பா."

சமாதானத்துக்குச் சொல்லலை, நெஜம். நம்பினாரான்னு தெரியலை.

வயரைக் கொஞ்சம் கொஞ்சமா வெட்டினேன். களிம்பு உள்ளுக்குள்ளயே ஓடியிருந்துச்சு. ரெண்டு பக்கமும் நாலு விரக்கடை போன பிறகுதான் செம்பு பளிச்சுன்னு தெரிஞ்சது. நடுவுல புது வயர் வச்சு சால்டரிங், மேல பசை உள்ள ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டினேன். காலேஜ் லேபுக்கு அப்புறம் சால்டரிங் அயர்னைத் தொட்டதே இப்பத்தான். விரலைச் சுட்டுக்கிட்டேன். அப்பா உள்ள போய் நூல் எடுத்துட்டு வந்து, வயர் ஆடாம இருக்க பிராக்கெட்டோட சேர்த்து ஒரு முடிச்சு போட்டார். அதே முடிச்சு.

இருபது நிமிஷம் ஓடவிட்டு அளந்தேன். 0.03. பானட் மேல வச்ச டீ கிளாஸ் லேசாத்தான் ஆடுச்சு.

"ஆத்தூர்ல போயி வெத்தல வாங்கிட்டு வாரேன்"னு சாவியை எடுத்தார். அப்பாவுக்கு வெத்தல போடுற பழக்கம் கிடையாது. திரும்பி வர ரெண்டு மணி நேரமாச்சு, கையில வெத்தலையும் இல்ல.